கைக்கருவியும் செய்மதியும்

மனிதன் ஆக்கிய முதற் செய்மதி 1957 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4 ஆந் திகதி வானேறியபோது, அதன் ஒலியைச் செவிமடுத்துக் குறித்துக்கொண்டவர்களுள் அமெச்சூர் வானொலியாளர் பலர் இருந்தனர். ஊதியங் கருதாது, கலையார்வம் ஒன்றினாலேயே கருவிகளை அமைத்து, அரசாங்க அனுமதி பெற்றுத் தமக்குள் உரையாடிக்கொள்பவர் இவர்கள். கேட்பதோடு அவர்கள் அமைந்துவிடவில்லை; தமக்கென ஒரு செய்மதி வேண்டுமென எண்ணினர். இரண்டு வல்லரசுகளே கைவைத்திருந்த துறையில் அவ்வெண்ணம் பேராசையாகவே பலருக்குத் தோன்றியிருக்கும்.

ஆயினும் கலிபோர்னியாவிலிருந்த சிலர் அதனைச் செய்துமுடித்தனர். விண்ணில் ஏவப்படும் கலத்தின் பாரத்தைச் சமன்செய்வதற்கு வெறும் எடைக்கட்டி வைக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அந்த எடையின் இடத்தைத்தான் இவர்கள் தமது பெட்டிக்குக் கேட்டுப் பெற்றார்கள். ஏறக்குறைய 10 இறாத்தல் நிறையுடைய அப்பெட்டி 'ஒஸ்கார் 1' என்னும் பெயரோடு 1961 ஆம் ஆண்டு டிசெம்பர் 12 ஆந் திகதி வானேறிற்று. தாய்க்கலத்திலிருந்து அதனைத் தள்ளிவிட்ட சுருள்வில், ஒரு டொலருக்குச் சற்று மேற்பட்ட விலைக்குக் கடையில் வாங்கியதாகும்! அதன் ஒலிபரப்பு வலு ஒரு வாற்றின் ஏழில் ஒரு பங்கே. மோர்ஸ் தந்தி மொழியில் நான்கு புள்ளி, பின் இரண்டு புள்ளி, அஃதாவது 'ஹாய்' என்னும் முகமன், அவ்வளவே அது சொல்லிற்று. பெட்டியின் உள்ளே வெப்பம் மாற மாற அப்புள்ளிகளின் வேகமும் மாறும். கேட்பவர் வேகத்தை எண்ணி வெப்பத்தை அறிந்தனர். ஏறத்தாழ மூன்று வாரம் ஒலித்த அச்சிறு குரலை 28 நாடுகளில் 570 பேருக்கு மேற்பட்டோர் கேட்டு எழுதியனுப்பினர்.

1965 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏவப்பட்ட ஒஸ்கார் 3, கீழிருந்து வரும் குரலைப் பெற்று மீண்டும் கீழே அனுப்பவல்லதாயிருந்தது. அன்று தொட்டுச் செய்மதி வழியே பேசுதல் இயல்வதாயிற்று. ஆனால் யாருக்கு இயன்றது? வலிய ஒலிபரப்பியும், வானத்தைத் தொடர்ந்து சுழலும் பெரிய ஏரியலும், அவற்றை வாங்கப் பணமும் உடையவருக்கே.

கைக்கருவியின் கதை வேறொரு திசையிலிருந்து தொடங்குகின்றது. 1983 ஆம் ஆண்டு நவெம்பர் 28 ஆந் திகதி 'கொலம்பியா' விண்ணோடத்திற் சென்ற ஓவன் கரியற் என்னும் விண்வெளிவீரர், ஒரு கையடக்கக் கருவியை உடன் கொண்டுசென்றார். ஓடத்தின் யன்னலிற் பொருத்திய ஏரியல் வழியாக, ஓய்வு நேரங்களிற் பூமியிலுள்ள அமெச்சூர்களோடு அவர் உரையாடினார். ஜோர்தான் மன்னர் ஹுசைனும் அவரோடு பேசியவருள் ஒருவர். கையிலடங்கும் கருவிக்கு விண்வெளித் தூரம் பெரிதன்று என்பது அன்று விளங்கிற்று. இடையே மலையோ கட்டடமோ இல்லையன்றோ!

பின்னர், சாதாரண எப். எம். குரலைப் பெற்றுத் திருப்பும் செய்மதிகள் தோன்றின. 1993 இல் ஏவப்பட்ட ஒஸ்கார் 27, 2004 இல் ஏவப்பட்டு 2011 வரை இயங்கிய 'எக்கோ' ஆகியன இவ்வகையின. சவூதி அரேபியாவின் சிறு செய்மதியொன்று 2002 ஆம் ஆண்டு டிசெம்பர் 20 ஆந் திகதி பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. ஒஸ்கார் 50 என அழைக்கப்படும் அது, கால் வாற்று வலுவோடு இருபது ஆண்டுக்கு மேலாகப் பணிசெய்தமை வியத்தற்குரியது. 145.850 மெகாஹேட்சிற் குரலை ஏற்று, 436.795 மெகாஹேட்சிற் திருப்பியனுப்பும். ஏறத்தாழ 650 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அது நோக்கும் வட்டம் மிகப் பெரிது. கொழும்புக்கு நேர்மேலே நிற்கும்போது டில்லியும் அதன் பார்வைக்குட்படும்.

2012 ஆம் ஆண்டளவிற் சீனாவிலிருந்து 'பாவோஃபெங்' முதலிய மலிவுக் கருவிகள் வந்தன. சில பத்து டொலர் விலையில், ஐந்து வாற்று அளவான வலுவுடன், மேற்கூறிய இரு அலைவரிசைகளும் ஒரே கருவியில் அமைந்தன. தச்சர் பயன்படுத்தும் உருக்கு அளவுநாடாவை வெட்டிச் சிலர் ஏரியல் செய்துகொண்டனர். முற்றத்தில் நின்று, ஏரியலைக் கையாற் செய்மதியின் திசையிற் பிடித்து, மெல்லத் திருப்பிக்கொண்டு பேசலாம். புகைவண்டி அணுகும்போது அதன் ஊதல் உயர்ந்தும் அகலும்போது தாழ்ந்தும் கேட்குமன்றோ? அவ்வண்ணமே செய்மதியின் அலையும் 10 கிலோஹேட்ஸ் அளவு மேலும் கீழுமாக மாறும். ஆதலின் 436.805 தொடங்கி 436.785 வரை ஐந்து படிகளைக் கருவியின் நினைவிற் பதித்து, செய்மதி நகர நகர ஒவ்வொன்றாக இறங்கிச் செல்லவேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துள் முடிந்துவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. இச்செய்மதிகளில் இருப்பது ஒரே வழி. ஒரே வேளையில் ஒருவரே பேசலாம். இருவர் பேசினால் எப். எம். முறையில் வலிய அலை மெலிந்ததை விழுங்கிவிடும். மலிவுக் கருவியோ, பேசும்போது கேளாதது. பொத்தானை அழுத்தியவர் தமது குரல் சென்றதா, பிறர் பேச்சை மிதித்ததா என்று அறியார். பத்து நிமிடமாகக் காத்திருந்து முதன்முறையாகத் தமது அழைப்புக்குறியைச் சொல்லும் ஒருவரின் மெல்லிய குரல், கேளாமற் பேசும் மற்றொருவரால் அழிந்துபோகும். விலை குறைந்ததால் வாயில் திறந்தது நன்றே. நெரிசலும் அவ்வழியே வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

எனவே அநுபவமுள்ளோர் மலிவுக் கருவி ஒன்றன்று, இரண்டு வாங்குவர். ஒன்று அனுப்புவதற்கு, மற்றது காதிற் பொருத்திக் கேட்பதற்கு. இரண்டும் மிக அருகில் இருப்பின் ஒன்றின் அலை மற்றதன் செவியை அடைப்பதுமுண்டு; சிறிது விலக்கிப் பிடிக்கவேண்டும். பேசும்போதே தமது குரல் விண்ணிலிருந்து மீள்வதை ஒரு காதாற் கேட்பர். மீளாவிடின், வேறொருவர் பேசுகின்றார் என ஊகித்து உடனே பொத்தானை விட்டுவிடுவர்.