குளம்பு விலங்குகளின் கால் எலும்புப் புதைபடிவங்கள்: இனங்காணலில் மூட்டுப் பரப்பின் முதன்மை

சண்டிகரை ஒட்டிய மேல் சிவாலிக் படிவுகளில் குதிரை, ஒட்டகம், மாட்டினம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்துச் சிவதேரியம் ஆகியவற்றின் எலும்புகள் கலந்து கிடைக்கின்றன. மண்டையோட்டோடு சேர்ந்த முழுக்கால் அரிது. பெரும்பாலும் கைக்கு வருவது வெள்ளம் உருட்டிய ஒரு துண்டுதான். அதன் நீளத்தையும் பருமனையும் அளந்து பெயர் சூட்டும் வழக்கம் எளிதில் தடம் புரளும். ஓரினத்துக் காளைக்கும் பசுவுக்கும் உள்ள பரும வேறுபாடே சில சமயம் இரு பேரினங்களுக்கு இடையிலுள்ளதை விஞ்சிவிடுகிறது. மூட்டுப் பரப்பின் வடிவமோ குடும்பத்துக்குக் குடும்பம் தெளிவாக மாறுவது. ஒரே குடும்பத்துக்குள் அவ்வளவாக மாறாதது. இனங்காணல் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இதற்கு முதற்சான்று கணுக்காலின் மேலெலும்பான அஸ்ட்ரகலஸ். கெட்டியான இவ்வெலும்பில் மச்சைக் குழி இல்லை. ஆகவே அதை உடைத்துத் தின்ன விலங்குகளுக்குத் தூண்டுதல் குறைவு, புதைந்தபின் நசுங்குவதும் குறைவு. மாடு, மான், ஒட்டகம், பன்றி, நீர்யானை ஆகிய இரட்டைப்படைக் குளம்பிகளில் அதன் மேல்முனை, கீழ்முனை இரண்டுமே கப்பி வடிவில் பள்ளம் விழுந்திருக்கும். குதிரை, காண்டாமிருகம் ஆகிய ஒற்றைப்படைக் குளம்பிகளில் மேலே மட்டுமே கப்பி. கீழ்ப்பரப்பு ஏறக்குறையத் தட்டையானது. குதிரையில் மேற்கப்பியின் முகடுகள் சாய்வாக ஓடுவதை விரலால் தடவியே உணரலாம். இரட்டைக் கப்பியின் நம்பகத்தன்மைக்கு வேறொரு துறையிலிருந்தும் சான்று உண்டு. 2001-இல் பாகிஸ்தானின் தொல் திமிங்கிலங்களில் இதே கணுக்கால் அமைப்பு விவரிக்கப்பட்டதும், அவற்றின் மூதாதையரை வேறு குழுவில் தேடிய கருத்து வலுவிழந்தது.

அடுத்த நிலை, கணுக்காலுக்கும் விரலுக்கும் இடைப்பட்ட நீண்ட பாத எலும்பு. குதிரையில் மூன்றாம் விரலுக்குரியது மட்டுமே முழுதாக வளர்ந்திருக்கும். இருபுறத்தவை மெல்லிய குச்சிகளாகக் குறுகியிருக்கும். மூவிரல் குதிரையான ஹிப்பாரியனில் பக்க எலும்புகளும் கீழ்வரை நீண்டு விரல்களைத் தாங்கின. சிவாலிக்கில் ஒற்றை விரல் குதிரை சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் தோன்றுகிறது. ஆதலால் பக்க எலும்பு ஒட்டியிருந்த தடம் எவ்வளவு கீழிறங்குகிறது என்பது படிவின் வயதுக்கும் ஒரு குறிப்பு. மாடும் மானும் மூன்றாம், நான்காம் எலும்புகள் ஒன்றிணைந்த ஒரே தண்டையும் கீழே இரு மூட்டு உருளைகளையும் கொண்டவை. ஒட்டகத்தில் அவ்வுருளைகள் இருபுறமும் விரிந்து விலகும். உருளையின் நடு முகடு பின்புறத்தோடு நின்றுவிடும். மானின் பின்காலில் தண்டின் முன்பள்ளம் கீழ்முனையருகே ஒரு எலும்புப் பாலத்தால் மூடப்படும். மாட்டில் திறந்தே கிடக்கும். சிவதேரியத்தின் பாத எலும்போ இன்றைய ஒட்டகச்சிவிங்கியினதைப் போல் நீண்டதன்று. குட்டையாய், தடித்து இருக்கும். அளவை மட்டும் நம்பினால் அது மாட்டினப் பெட்டிக்குள் போய்ச் சேரும்.

தொடையெலும்பில் பார்க்க வேண்டியது ஒன்றே: தண்டின் வெளிப்புறத்தில் மூன்றாவது எலும்புப் புடைப்பு இருந்தால் ஒற்றைப்படைக் குளம்பி. முனைகள் இழந்த தண்டைக் குடும்ப அளவிலும் பெயரிடாமல் விடுவதே நேர்மை. இளம் விலங்கின் எலும்பில் முனைகள் இன்னும் ஒட்டாததால் இந்தச் சிக்கல் அடிக்கடி எழுகிறது.

விரல் நுனியைத் தனியே நம்பியதால் நேர்ந்த பிழை பெயர்பெற்றது. ஜெர்மனியின் எப்பெல்ஷைமில் கிடைத்த ஒரு நக எலும்பை அழுங்கு வகைப் பேரெறும்புத்தின்னி ஒன்றுடையது என்றார் பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே. அதே இடத்துப் பற்களைக் கொண்டு ஜெர்மானிய இயற்கையியலாளர் காவுப் 1833-இல் கலிகோதேரியம் என்ற குளம்பு விலங்கினத்தைப் பெயரிட்டார். நகமும் பல்லும் ஒரே வகை விலங்கினுடையவை என்பது, பிரான்சின் சான்சான் எலும்புகள் ஆராயப்பட்டபின் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிந்தது. குளம்பி வரிசையில் நகம் இருக்கக்கூடும் என்று யாரும் எண்ணவில்லை. அவ்விலங்கின் கணுக்காலோ ஒற்றைப்படைக் குளம்பிக்கு உரியது.

மூட்டுச் சான்றுக்கும் எல்லை உண்டு. மாட்டையும் காட்டெருதான பைசனையும் பிரிக்க ஸ்டான்லி ஓல்சன் 1960-இல் உடலெலும்பு அடையாளங்களைத் தொகுத்தார். பிற்கால ஆய்வாளர்கள் அவற்றில் பலவற்றை எல்லா மாதிரிக்கும் பொருந்தாதவையாகக் கண்டனர். நர்மதைப் படிவுகளில் மாடும் எருமையும் சேர்ந்தே கிடைப்பதால் அங்கும் இதே இடர்தான். கொம்புத் தண்டோ பல்லோ உடன் கிடைக்காத கணுக்கால் எலும்பைப் ‘பெரிய மாட்டினம்’ என்று பதிந்து, அளவுகளையும் படிவின் அடுக்கையும் குறித்து வைப்பதே தகும்.