கணக்கு எழுதுதலும் கணக்குக் காட்டுதலும்: செலவுக் குறிப்பின் சிறு வரலாறு

தமிழில் ‘கணக்கு’ என்னும் சொல்லோடு இரு வினைகள் இயல்பாகச் சேர்கின்றன: கணக்கு எழுதுதல், கணக்குக் காட்டுதல். முன்னதற்கு ஏடும் எழுத்தும் போதும். பின்னதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். தனிமனிதர் தம் செலவைக் குறித்துவைக்கும் பழக்கம் ஆர்வத்தோடு தொடங்கிச் சில வாரங்களில் நின்றுபோவது ஏன் என்பதை இவ்வேறுபாட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

தமிழக எல்லையை ஒட்டிய ஆனேக்கல் வட்டத்தின் கல்வெட்டுகள், பி. எல். ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராபியா கர்னாடிகா’ ஒன்பதாம் தொகுதியில் (1905) இடம்பெற்றுள்ளன. கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் அவற்றுள் உண்டு. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு மரபில் கொடை என்பதே ஒரு வரவுசெலவுத் திட்டம். ஒரு நந்தாவிளக்குக்குப் பொதுவாக 96 ஆடுகள் ஒப்படைக்கப்பட்டன. பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் முதல், நெய் வரவு, விளக்கு செலவு. அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். முதல் ஒருபோதும் குறையலாகாது என்பதே இதன் பொருள்.

திட்டமிட்டால் மட்டும் போதாது, கணக்குக் கேட்கவும் வேண்டும் என்பதை உத்திரமேரூர் காட்டுகிறது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய குறிப்பிட்ட உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவராக்குகின்றன.

பிற்காலத்தில் இதே ஒழுங்கு வணிகக் குடும்பங்களில் தொடர்ந்தது. நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன், அடுத்தாளாகி மேலாளாக உயரும் வரை கணக்கையே கற்றான். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் சென்ற மேலாள்கள், பேரேட்டையும் ஐந்தொகையையும் முதலாளிக்கு ஒப்புவிக்கும் கடப்பாடு உடையோராக இருந்தனர். இக்கணக்குமொழியின் சொற்கள் மிகப் பழையவை. அகப்பாடல்களில் ‘செலவு’ தலைவனின் பயணம். ‘செலவழுங்குதல்’ அப்பயணத்தைத் தவிர்த்தல். வருவது வரவு, செல்வது செலவு, இருப்பது இருப்பு: பணமும் மனிதரைப் போலவே பேசப்பட்டது.

இம்மூன்று நிலைகளிலும் கணக்கைக் கேட்டவர் பிறர்: கோயில், சபை, முதலாளி. ஒருவர் தமக்குத் தாமே கணக்குக் காட்டும் நிலைக்குத் தெளிவான சான்று, 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்ற காந்தி. வண்டிக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாள் என ஒவ்வொன்றையும் எழுதி, உறங்கும் முன் இருப்பைச் சரிபார்த்ததாக அவர் தம் தன்வரலாற்றில் கூறுகிறார். அக்கணக்கு வெறும் பதிவாக நிற்கவில்லை. அது காட்டிய வழியில் சிறிய அறைக்கு மாறினார். வண்டியை விட்டு நடந்தார். செலவைப் பாதியாகக் குறைத்தார். 1894இல் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரசின் பொதுப்பணத்திலும் அதே கண்டிப்பைக் கையாண்டார்.

குடும்பக் கணக்குக்கு ஜப்பான் ஒரு வடிவம் தந்தது. இதழாளர் ஹானி மொட்டோகோ 1904இல் வெளியிட்ட குடும்பக் கணக்கேடு (‘ககேய்போ’), செலவை இனம் பிரித்து, ஒவ்வோர் இனத்துக்கும் முன்கூட்டியே வரம்பு வகுத்தது. முன்னர்க் குறித்த தொகை, பின்னர் எழுதும் தொகையைக் கேள்வி கேட்கிறது. வெளியில் இருந்த முதலாளியின் இடம் ஏட்டுக்குள்ளேயே அமைந்துவிட்டது.

இன்று ஆனேக்கல் வட்டத்தின் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பணிபுரிவோர் கைப்பேசி வழியே செலுத்தும் ஒவ்வொரு ரூபாயும் தானே பதிவாகிறது. 2016இல் அறிமுகமான யுபிஐ, எழுதும் வேலையை மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்டது. கேட்கும் வேலையை அது எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவேதான் முழுமையான பதிவு கையில் இருந்தும் மாதக் கடைசியில் கைமாற்று வாங்க நேர்கிறது. வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் ஒரே சம்பளத்தில் அடங்க வேண்டிய தொழிலாளருக்கும், உதவித்தொகை பல மாதம் தேங்கி ஒருசேர வரும் ஆய்வு மாணவருக்கும் இந்த இடைவெளி கடனாகவே முடிகிறது.

எனவே பழக்கத்தை எந்தச் செயலியில் தொடங்குவது என்பது இரண்டாம் கேள்வி. மாதத் தொடக்கத்தில் இனவாரியாக வரம்பு எழுதுவது, நாள்தோறும் ஒரே நேரத்தில் இருப்பை ஒத்துப் பார்ப்பது, வாரம் ஒருமுறை வீட்டாரிடமோ அறைத்தோழரிடமோ கணக்குக் காட்டுவது ஆகிய மூன்றும் முதலில் வேண்டும். உத்திரமேரூர்ச் சபையார் ஊருக்கு விதித்த ஒழுங்கைத் தனிவாழ்வில் இந்த அளவுக்கேனும் கடைப்பிடிக்க இயலும்.