கவிழ்த்த கூடையும் நிமிர்த்த கூடையும்

வீட்டிலேயே ஒரு தேனீக்கூடை பின்னலாமே என்றுதான் பழைய ஐரோப்பியக் கூடைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் வைக்கோல் கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். அடை உள்ளே உச்சியில் ஒட்டிக்கொள்ளும்; முழுசாக எடுக்க வழியில்லை. தேனுக்காகக் கந்தகப் புகை போட்டுத் தேனீக்களையே கொன்றார்கள்.

கிரேக்கத்தில் கதையே வேறு. ஜார்ஜ் வீலர் என்ற ஆங்கிலேயர் ஏதென்ஸ் பக்கத்து ஹைமெட்டஸ் மலையில் பார்த்த கூடைகளை 1682-இல் வெளியான தன் பயணநூலில் விவரிக்கிறார். அடி குறுகல், அகன்ற வாய் மேலே, உள்ளும் புறமும் களிமண் பூச்சு. வாயில் வரிசையாகத் தட்டைக் குச்சிகள்; குச்சிக்கு ஓர் அடை. குச்சியைத் தூக்கினால் அடையும் கூடவே வரும். தேனீயைக் கொல்ல வேண்டியதில்லை. லாங்ஸ்ட்ராத் தன் சட்டப்பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியதோ 1852-இல்தான்!

பாதி பின்னிய என் கூடையை நிமிர்த்தி வைத்துவிட்டேன். இனி குச்சி சீவ வேண்டும்.