கழற்றி மாட்டிய கண்ணாடி மாளிகை

நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டருக்கு ஏதாவது ஒரு கண்காட்சி பார்க்கப் போயிருப்பீங்க. நான் சொல்லப்போவது கண்காட்சி முடிந்த பிறகு நடப்பதை. கடைசி நாள் சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் ஹாலுக்குள் இரண்டு காட்சிகள் பார்க்கலாம். ஒரு பக்கம், ஆலன் கீயால் திருகி, அலுமினியக் கம்பத்தையும் வெள்ளைப் பலகையையும் கழற்றி ட்ராலியில் அடுக்குவாங்க. இன்னொரு பக்கம் சுத்தியல். மூணு நாளுக்காகச் செய்த பிளைவுட் சுவர், பெயிண்ட் வாசனைகூடப் போகாத கவுண்டர், எல்லாம் உடைந்து லாரி ஏறும்.

ஸ்டார்ட்அப் வெச்சிருக்கிறவங்களுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பல லட்ச ரூபாய் விஷயம். இந்தக் கேள்வி 1850-லேயே லண்டனில் வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஹைட் பார்க்கில் உலகக் கண்காட்சி நடத்துவது என்று முடிவாகியிருந்தது. கட்டடத்துக்குப் போட்டி வைத்தார்கள். 200-க்கும் மேல் டிசைன்கள் வந்தன, ஒன்றும் தேறவில்லை. கமிட்டியே உட்கார்ந்து ஒன்று வரைந்தது: கோடிக்கும் மேல் செங்கல் கேட்கும் ஒரு பூதம், நடுவில் பெரிய டூம். ஊரே கொதித்தது. இவ்வளவு செங்கல்லை அடுக்கிவிட்டு, கண்காட்சி முடிந்ததும் யார் பிரித்தெடுப்பார்கள்? பார்க் போனது போனதுதானே! சிப்தார்ப் என்ற எம்.பி. நாடாளுமன்றத்திலேயே சண்டைக்கு நின்றார். பார்க்கில் இருந்த எல்ம் மரங்களை வெட்டக் கூடாது என்பது இன்னொரு பிரச்சினை.

அப்போதுதான் ஜோசப் பாக்ஸ்டன் உள்ளே வருகிறார். ஆர்க்கிடெக்டாகப் படித்தவர் இல்லை, தோட்டக்காரர். டெவன்ஷயர் பிரபுவின் தோட்டத்தில் செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகியவர். 1850 ஜூன் மாதம் ஒரு ரயில்வே கம்பெனி மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே ஒரு ஒற்றுத்தாளில் கிறுக்கினார். அந்தத் தாள் இன்னமும் பத்திரமாக இருக்கிறது. இரும்புத் தூண், மர ஃப்ரேம், கண்ணாடி, இவ்வளவுதான். நாம் இன்றைக்கு கிறிஸ்டல் பேலஸ் என்று சொல்கிற கட்டடம் அதுதான்.

எனக்கு அந்த ஸ்கெட்ச்சைவிட டெண்டர்தான் பிடிக்கும். ஃபாக்ஸ் ஹெண்டர்சன் என்ற கான்ட்ராக்டர்கள் இரண்டு ரேட் கொடுத்தார்கள். கட்டடம் உங்களுக்கே வேண்டுமென்றால் 1,50,000 பவுண்ட். முடிந்ததும் பொருளையெல்லாம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றால் 79,800 பவுண்ட். ஏறக்குறைய பாதி! இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு செங்கல் கட்டடத்துக்கு எந்தக் கான்ட்ராக்டரும் இப்படி ஒரு ரேட் போட முடியாது. பிரித்தால் அது ஜல்லிதான். கழற்றினாலும் தூண் தூணாகவே, கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பாதி விலை சாத்தியம்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அளவிலிருந்து. கூரையில் போட்ட கண்ணாடி ஒவ்வொன்றும் 49 அங்குல நீளம், 10 அங்குல அகலம். அதை வைத்துச் செய்த மடிப்புக் கூரை 8 அடிக்கு ஒரு மடிப்பு. மூணு மடிப்பு சேர்ந்தால் 24 அடி. மொத்தத் தரைத்திட்டமும் அந்த 24-இன் கணக்கில்: 24, 48, 72. தூண்கள் எல்லாவற்றுக்கும் வெளி விட்டம் 8 அங்குலம்தான். எங்கே பாரம் அதிகமோ அங்கே உள்ளே இரும்பின் தடிமனைக் கூட்டினார்கள், வெளியே அளவைத் தொடவில்லை. அதனால் எந்தத் தூணிலும் எந்த உத்தரமும் உட்காரும். அதே தூணின் உட்குழாய் வழியாகத்தான் மழைத் தண்ணீரும் இறங்கியது. ஒரே அளவில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கண்ணாடிகள் என்பதால், ஒரே வாரத்தில் 80 பேர் 18,000-க்கும் மேல் மாட்டினார்கள்.

என்னை ரொம்பவே ரசிக்க வைத்தது வேலி. கட்டுமானத்தைச் சுற்றி அடைத்த பலகைகளை ஆணி அடிக்காமல், இரண்டிரண்டு கம்பங்களுக்கு நடுவே சொருகினார்கள். ஆணி ஓட்டை இல்லாத அதே பலகைகள் பின்னாடி உள்ளே தரையாயின. சரி, மரங்கள்? பெரிய மரங்களை வெட்டவில்லை. நடுவில் வளைவுக் கூரையை உயர்த்தி, எல்ம் மரங்களைக் கட்டடத்துக்குள்ளேயே விட்டுவிட்டார்கள்.

முதல் தூண் நின்றது 1850 செப்டம்பரில். 1851 மே 1-இல் திறப்பு விழா. அக்டோபருக்குள் 60 லட்சம் பேர் வந்துபோனார்கள். இந்தியப் பகுதியில் அம்பாரி வைக்க ஒரு யானை வேண்டியிருந்தது. எஸ்ஸெக்ஸில் ஒரு மியூசியத்திலிருந்து பஞ்சடைத்த யானையை இரவல் வாங்கினார்கள். அது ஆப்பிரிக்க யானை!

இதுவரை வெற்றிக் கதை. கண்காட்சி முடிந்ததும் ஒரு கம்பெனி 70,000 பவுண்ட் கொடுத்து அந்தக் கட்டடத்தை வாங்கியது. பிரித்து, தெற்கு லண்டன் சிடன்ஹாம் குன்றுக்குக் கொண்டுபோனார்கள். அப்படியே மாட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. மாடிகளைக் கூட்டினார்கள், நடுக்கூரையை நெடுக வளைவாக்கினார்கள், கண்ணாடி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. போதாக்குறைக்கு பிரம்மாண்டமான நீரூற்றுகள். 5 லட்சம் பவுண்ட் மூலதனத்தில் தொடங்கிய வேலை 13 லட்சத்தில் போய் நின்றது. 1854-இல் விக்டோரியா ராணி திறந்துவைத்தார், கூட்டமும் வந்தது. ஆனால் கம்பெனி அந்தக் கடனிலிருந்து மீளாமல் கடைசியில் திவாலானது. கட்டடம் 1936-இல் எரிந்துபோனது. சரக்கு பழசுதான், ஆனால் அதற்குப் பழக்கமில்லாத வடிவத்தில் மாட்டப் போனதால் அது புதுசின் விலையைத் தாண்டிவிட்டது.

நேர் எதிர்வழியில் போனது சிகாகோ. 1893 கண்காட்சியின் வெள்ளை மாளிகைகள் பெரும்பாலும் பிளாஸ்டரும் சணல் நாரும் கலந்த பூச்சுதான். பளிங்கு மாதிரி தெரியும். மறு ஆண்டே பெரும்பகுதி தீயில் போய்விட்டது. நம்ம பிளைவுட் ஸ்டாலின் தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆலன் கீ கோஷ்டியின் நவீனக் கதை 1969-இல் ஜெர்மனியில் தொடங்குகிறது. ஹான்ஸ் ப்ரூடர் ஆரம்பித்த ஆக்டாநார்ம் கம்பெனி. எட்டுப் பட்டை அலுமினியக் கம்பம், எட்டுப் பக்கமும் பள்ளம். குறுக்குச் சட்டத்தின் முனையில் இருக்கும் பூட்டு அந்தப் பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும், பலகை உள்ளே சொருகிக்கொள்ளும். பலகை சுமார் ஒரு மீட்டர் அகலம், மூணு சேர்ந்தால் ஒரு 3×3 ஸ்டாலின் சுவர். பாக்ஸ்டனின் மூணு மடிப்பும் 24 அடியும் ஞாபகம் வருதா? நம்ம ஊரில் யார் செய்த கம்பமானாலும் 'ஆக்டோநார்ம் ஸ்டால்' என்றுதான் பேர்.

குறை என்னவென்றால் எல்லா ஸ்டாலும் ஒரே முகம். அதனால்தான் காசு இருக்கிறவர்கள் வெறும் தரையை மட்டும் வாடகைக்கு எடுத்து, மரவேலைக்குப் போகிறார்கள். இப்போது நடுவழி ஒன்று இருக்கிறது: அலுமினிய ஃப்ரேம், ஓரத்தில் சிலிக்கான் பட்டை தைத்த பிரிண்ட் துணி. பட்டையைப் பள்ளத்தில் அழுத்தினால் துணி விறைப்பாக நிற்கும். ஃப்ரேம் நிலையானது, துணி மட்டும் மாறும், மடித்துப் பையில் போடலாம். வருஷத்துக்கு மூணு நாலு கண்காட்சி போகிற சின்னக் கம்பெனிக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரே ஒரு தடவைதான் போறீங்கன்னா வாங்கவே வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. கோடவுன் வாடகை உங்களைச் சாப்பிட்டுவிடும்.

வாங்குவதற்கு முன் 6×3-க்குச் செய்தது அடுத்த தடவை 3×3-க்குள் அடங்குமா என்று மாட்டிக் காட்டச் சொல்லுங்க. ஒரு கம்பம் நெளிந்தால் வேறு கடையில் வாங்கிய கம்பம் அதில் சேருமா என்று பாருங்க. துணியில் கண்காட்சியின் பெயரையும் வருஷத்தையும் போடாதீங்க, அதைத் தனியாக ஒரு சின்னப் போர்டில் வைங்க. அப்புறம் கொட்டேஷன் கேட்கும்போது ஃபாக்ஸ் ஹெண்டர்சன் மாதிரி இரண்டு ரேட் கேளுங்க: பொருள் எனக்கே என்றால் எவ்வளவு, முடிந்ததும் நீங்களே எடுத்துக்கொண்டு போனால் எவ்வளவு? இரண்டும் ஒரே தொகை என்று வந்தால், அவர் அதை உடைக்கத்தான் போகிறார்.