குதிரையின் நிறக் கணிப்பு: பாண்டிய நாட்டு இலக்கண மரபும் மரபணுவியலும்

ஆய்வுச் சுருக்கம்

பெற்றோரின் மரபணுக்களைக் கொண்டு குதிரைக்குட்டியின் நிறத்தைக் கணிக்கும் முறை 20ஆம் நூற்றாண்டில் உருவானது. குதிரையின் நிறம் பற்றி நுட்பமான இலக்கணம் கொண்டிருந்த தமிழ் மரபு, அந்நிறத்தைப் பெற்றோரோடு இணைக்காமல் உடையவரின் நன்மை தீமைகளோடு இணைத்தது. கடல்வழிக் குதிரை வணிகம் இப்பார்வை நிலைபெறத் துணைநின்றது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குதிரை வணிகம், காயல், அசுவசாத்திரம், பஞ்சகல்யாணி, மரபணுவியல்

முன்னுரை

மதுரை கே.கே. நகரை அடுத்து ரேஸ்கோர்ஸ் என்னும் பகுதி உள்ளது. இன்று அங்கு விளையாட்டரங்கம் இருப்பினும், குதிரைப் பந்தயத் திடல் இருந்ததை இப்பெயர் நினைவூட்டுகிறது. அருகிலுள்ள தல்லாகுளத்தில் சித்திரைத் திருவிழாவின்போது கள்ளழகருக்கு எதிர்சேவை நடைபெறுகிறது. அதன்பின் அழகர் தங்கக் குதிரை வாகனத்தில் வைகையில் எழுந்தருள்கிறார். ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் நிகழ்த்தப்பெறுகிறது. இவ்வாறு மதுரையின் வழிபாட்டிலும் இடப்பெயரிலும் குதிரை நிலைத்துள்ளது. எனினும் அது இந்நிலத்தில் பெருமளவில் இனப்பெருக்கம் செய்யப்பட்ட விலங்கன்று. இம்முரண், நிறம் குறித்த அறிவை எவ்வாறு வடிவமைத்தது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

கடல்வழி வந்த குதிரைகள்

குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலையும் பெரும்பாணாற்றுப்படையும் குறிப்பிடுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வணிகம் உச்சத்தை எட்டியது. கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் தம் குதிரைகளிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து மொத்தம் 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டதாகவும், ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் எனவும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதியுள்ளார். இவ்வெண்கள் மிகைப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம். ஆயினும் பாண்டியரின் கருவூலத்திலிருந்து பெருஞ்செல்வம் குதிரைக்காக வெளியேறியது என்பதில் மார்க்கோ போலோவும் உடன்படுகிறார்.

மார்க்கோ போலோ தரும் மற்றொரு செய்தி இங்கு முதன்மையானது. சிறந்த ஆண் குதிரையையும் சிறந்த பெண் குதிரையையும் இணைத்தாலும், இந்நாட்டில் கால் கோணிய, ஏறிச் செல்லப் பயன்படாத சிறு குட்டியே பிறக்கும் என்கிறார் அவர். வெப்பநிலை, தீவனம், பராமரிப்பு ஆகியவற்றின் விளைவாக இது இருக்கக்கூடும். வேகவைத்த பால், நெய் கலந்த உணவு முதலியவை குதிரைக்குத் தரப்பட்டதை வசாஃப் குறை கூறுகிறார். காரணம் எதுவாயினும், வாங்குபவர் கண்டது வளர்ந்த குதிரையை மட்டுமே. அதன் தாயும் தந்தையும் கடலுக்கு அப்பால் இருந்தன.

இலக்கணம் கண்ட நிறம்

பெற்றோரை அறியாதவர் குதிரையின் உடலையே சான்றாகக் கொள்ள வேண்டியிருந்தது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் 1952இல் வெளியிட்ட நகுலரின் அசுவசாத்திரம், நிறம், சுழி, பல், உறுப்பமைதி ஆகியவற்றைக் கொண்டு குதிரையின் நலந்தீங்குகளைக் கூறுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், குதிரை வணிகராக வந்த சிவபெருமான் அரிமர்த்தன பாண்டியனிடம் பரியின் இலக்கணத்தை எடுத்துரைக்கிறார். அவ்விலக்கணம் பொருந்திய குதிரைகளே இரவில் நரிகளாயின. தோற்றத்தைக் கொண்டு பிறப்பை அறிய இயலாது என்னும் உண்மையை இப்புராணக் கதை தன்னுள் கொண்டுள்ளது எனலாம்.

நான்கு கால்களும் முகமும் வெண்மையான குதிரை ‘பஞ்சகல்யாணி’ எனவும், அவற்றோடு மார்பு, பிடரி, வால் ஆகியவையும் வெண்மை பெற்றது ‘அட்டமங்கலம்’ எனவும் வழங்கப்பெற்றன. இச்சொற்கள் நிறத்தின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் குறிக்கின்றன. ஆனால் அவை சுட்டும் நன்மை குதிரையின் வழித்தோன்றல்களுக்கு உரியதன்று, உடையவருக்கு உரியதாகும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அசுவ இலக்கண மரபு, குதிரை வளர்ப்பு செழித்திருந்த வட இந்தியப் பகுதிகளிலும் வழங்கியது. ஆகவே நிறத்தைச் சகுனமாகக் காணும் பார்வைக்கு இறக்குமதியே மூலகாரணம் எனக் கொள்ள இயலாது. வளர்ப்பு நிகழ்ந்த நிலங்களில் இவ்விலக்கணத்தோடு வளர்ப்பவரின் பட்டறிவும் உடன் இயங்கியிருக்கும். பாண்டிய நாட்டில் அதற்கான வாய்ப்பு குறைவு. எனவே இலக்கணம் மட்டுமே தனித்து மேலோங்கியது எனக் கருத இடமுண்டு.

பதிவேட்டிலிருந்து மரபணு வரை

நிறத்தைப் பெற்றோரோடு இணைத்துக் காண்பதற்குத் தலைமுறைப் பதிவு தேவை. இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளுக்கென வெதர்பி நிறுவனத்தார் பேணிய பதிவேடு அத்தகையது. அதனை ஆராய்ந்த சி.சி. ஹர்ஸ்ட், பிடரியும் வாலும் உட்பட உடல் முழுதும் செந்நிறமான குதிரைகள் இரண்டு இணைந்தால் செந்நிறக் குட்டியே பிறக்கும் என 1906இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். மெண்டலின் விதிப்படி செந்நிறம் ஒடுங்கு பண்பாகும். பதிவேட்டில் சில விதிவிலக்குகள் இருப்பதைச் சுட்டி டபிள்யூ.எஃப்.ஆர். வெல்டன் மறுத்தார். அவை இயற்கையின் விலக்குகளா, பதிவின் பிழைகளா என்பதே விவாதமாயிற்று. ஆவணத்தின் நம்பகத்தன்மை பற்றிய இவ்வினா வரலாற்று ஆய்வாளருக்கும் உரியதே.

செந்நிறத்துக்குக் காரணமான எம்.சி.1.ஆர். மரபணுவின் மாற்றம் 1996இல் கண்டறியப்பட்டது. உடல் செம்பழுப்பாகவும் பிடரி, வால், கால் ஆகியவை கருமையாகவும் அமையும் நிறத்துக்கும் முழுக் கருமைக்கும் இடையிலான வேறுபாட்டை ஏ.எஸ்.ஐ.பி. மரபணு விளக்குவது 2001இல் வெளிப்பட்டது. இவற்றால் கணிப்பு எண் வடிவம் பெற்றது. செம்பழுப்பு நிறப் பெற்றோர் இருவரும் செந்நிற அல்லீலை ஒவ்வொன்று மறைவாகக் கொண்டிருந்தால், செந்நிறக் குட்டி பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோருள் எதனிடமும் காணப்படாத நிறம் குட்டியிடம் தோன்றுவதன் காரணம் இதுவே.

வெண்புரவி பற்றிய இலக்கியக் குறிப்புகளையும் இவ்வறிவு தெளிவாக்குகிறது. வெண்மையாகக் காணப்படும் குதிரைகளுள் பெரும்பாலானவை கருமையாகவோ செம்மையாகவோ பிறந்து, வயது ஏற ஏற நரைப்பவை. 2008இல் அடையாளங்காணப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.17 மரபணுவின் இரட்டிப்பே இதற்குக் காரணம். இது ஓங்கு பண்பாதலால், நரைக்கும் குதிரையின் பெற்றோருள் ஒன்றேனும் அவ்வல்லீலைக் கொண்டிருக்கும். வளர்ந்த வெண்குதிரையை மட்டுமே கண்ட துறைமுக வணிகர், அதன் பிறப்பு நிறத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

கணிப்பின் எல்லை

தமிழ் மரபு உயர்வாகப் போற்றிய பஞ்சகல்யாணி இக்கணிப்புக்கு எளிதில் அடங்குவதில்லை. கால், முக வெண்குறிகள் ஒரே மரபணுவால் அமைவன அல்ல. அரபுக் குதிரைகளை ஆராய்ந்த சார்லஸ் வுல்ஃப், செந்நிறக் குதிரைகளில் வெண்குறி மிகுதி எனவும், அதன் பரப்பில் மரபு சாராத தற்செயல் வேறுபாட்டுக்கும் பங்குண்டு எனவும் காட்டினார். கருவளர்ச்சியில் நிறமிச் செல்கள் உடலின் கடைக்கோடிகளை எட்டாத இடங்களில் வெண்மை தோன்றுகிறது. ஆகவே பஞ்சகல்யாணிகள் இரண்டை இணைத்தாலும் குட்டி பஞ்சகல்யாணியாக அமையும் என உறுதி கூற இயலாது. வளர்ப்பவரின் விருப்பத்துக்கு முழுதும் கட்டுப்படாத ஒன்றை முன்னோர் நற்பேறாகக் கொண்டது வியப்புக்குரியதன்று.

நிறக் கணிப்பு அழகு சார்ந்தது மட்டுமன்று. இ.டி.என்.ஆர்.பி. மரபணுவின் ஒரு மாற்றத்தை ஒற்றையாகக் கொண்ட குதிரைகள் வெண்திட்டுகளுடன் நலமாக வாழ்கின்றன. அத்தகைய இரண்டு இணையும்போது, நான்கில் ஒரு வாய்ப்பில் குட்டி முழு வெண்மையாகப் பிறந்து, குடல் நரம்புக் குறைபாட்டால் சில நாட்களுக்குள் இறக்கிறது. வெண்மை எப்போதும் மங்கலமன்று என்பதை 1998இல் வெளியான ஆய்வுகள் இம்மரபணு வழியே விளக்கின.

முடிவுரை

அசுவ இலக்கணமும் மரபணுவியலும் ஒரே உடலை நோக்கி வெவ்வேறு வினாக்களை எழுப்பின. முன்னது ‘இக்குதிரை உடையவருக்கு என்ன தரும்’ எனக் கேட்டது. பின்னது ‘இதன் பெற்றோர் இதற்கு என்ன தந்தனர்’ எனக் கேட்கிறது. காயலில் குதிரையை வாங்கியவருக்கு இரண்டாம் வினாவை எழுப்புவதற்கான சான்று கையில் இல்லை. எனவே இலக்கண நூல்களை அறியாமையின் எச்சமாக ஒதுக்குவதும், அவற்றுள் மரபணுவியலைத் தேடுவதும் பொருந்தா. அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு இன்றும் குதிரைகள் வருகின்றன. தமிழகத்தில் குதிரை வாங்குவோர் சுழி பார்க்கும் வழக்கமும் தொடர்கிறது. அவர்கள் வழங்கும் நிறச் சொற்களைக் களஆய்வில் தொகுத்து அசுவசாத்திரச் சொற்களோடு ஒப்பிடுவது இத்துறையில் அடுத்து ஆற்றவேண்டிய பணியாகும்.