வண்டிக்கு ஒரு விகிதம்

ஓசூரை அடுத்த ஜூஜூவாடி எல்லையில் நின்று பார்த்தால், பெங்களூரு நோக்கிச் செல்லும் சரக்கு லாரிகளின் வரிசைக்கு முடிவே இல்லை. அவ்வரிசையைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. டீசல், டயர், சுங்கம், ஓட்டுநர் படி ஆகிய அனைத்திற்கும் ரசீது திரட்டி வருமான வரிக்குக் கணக்குக் காட்டுதல், ஓரிரு லாரி உடையார்க்கு ஆகும் செயலா?

இவ்வினா இம்மண்ணிற்குப் புதியதன்று. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் நாடு கும்பினியார் வசமாயிற்று. அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணைவராயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, வயலுக்கு இவ்வளவு பணம் தீர்வை என்று வகுத்தனர். ஆண்டுதோறும் விளைவை அளக்கும் தொல்லை குறைந்தது. ஆயினும், விளையாத ஆண்டின் துயரை விகிதம் தானே அறியுமோ?

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து லாரிக்கும் இத்தகைய விகிதம் வந்தது. 1994ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி, பத்து வண்டிகளுக்கு மேற்படாதோர் கணக்கேடு இன்றியே, கனரக வண்டிக்கு மாதம் 2,000 ரூபாயும் ஏனையவற்றிற்கு 1,800 ரூபாயும் இலாபமெனக் காட்டலாம். செலவெல்லாம் அதற்குள் அடக்கம். 2014இல் அது எல்லா வண்டிக்கும் 7,500 ரூபாயாயிற்று. 2018ஆம் ஆண்டுச் சட்டம், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மாதந்தோறும் டன்னுக்கு 1,000 ரூபாய் என்றது.

அமெரிக்காவிலும் நிலையான விகிதம் உண்டு. தொழில் நிமித்தம் காரில் செல்பவர், 2025ஆம் ஆண்டில் மைலுக்கு 70 சென்ட் செலவெனக் கழித்துக்கொள்ளலாம். அங்கே எண்ணப்படுவது ஓடிய மைல். இங்கே எண்ணப்பட்டதோ வண்டியை உடைமையாகக் கொண்டிருந்த மாதம்.

இவ்வேற்றுமையின் பொருளைக் கிருஷ்ணகிரி நண்பர் ஒருவரிடம் அறிந்தேன். அவருக்கு 25 டன் லாரிகள் இரண்டு. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ஆலைகள் மூடப்பட, இரண்டும் இரண்டு மாதம் அசையாது நின்றன. விகிதப்படி அவ்வாண்டு இலாபம் ஆறு லட்சம் ரூபாய். அதில் ஒரு லட்சம், நின்ற மாதங்களின் "இலாபம்". ஐந்து லட்சம் வரை வருமானமுடையார்க்கு அந்நாளில் வரி முழுதும் தள்ளுபடியாயிற்று. ஓடாத அவ்விரு மாதங்களே அவரை வரி செலுத்துவோராக்கின! முறையாகக் கணக்கெழுதித் தணிக்கை செய்வித்தால் குறைந்த இலாபத்தைக் காட்டச் சட்டம் வழிவிட்டிருந்தது. அவரிடம் இருந்ததோ சட்டைப்பைக் குறிப்பேடு ஒன்றே.

"நின்ற வண்டிக்கும் இலாபமா, ஐயா?" என்று அவர் கேட்டார். பாராமகால் உழவரும் வறண்ட வயலைக் காட்டி இவ்வாறே கேட்டிருப்பர். கணக்கின் சுமையை இறக்கி வைக்கும் விகிதம் நல்லதே. ஆயினும் எளியவர் வண்டி நிற்கும்போது, அவ்விகிதமும் சற்றே நிற்க வேண்டுமன்றோ?