பொன்முலாம் பூசிய துப்பாக்கியும் புனைந்த வரலாறும்



வரலாற்றை நாம் நூல்களில் படிக்கிறோம், கல்வெட்டுகளில் காண்கிறோம், நாணயங்களிலும் பதக்கங்களிலும் தேடுகிறோம். துப்பாக்கியிலும் வரலாற்றை எழுதி வைப்பதுண்டு. இன்று அத்தகைய துப்பாக்கி ஒன்றைப் பற்றிச் சிந்திப்போம்.

1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற கோல்ட் நிறுவனம் நினைவுச் சுழல்துப்பாக்கி ஒன்றை வெளியிட்டது. பொன்முலாம் பூசப்பட்ட துப்பாக்கி அது. அதன் குழல் மட்டும் 12 அங்குல நீளம். வயட் ஏர்ப் என்னும் எல்லைப்புறக் காவலரின் பெயரால் அது மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டது. பிற்காலத்தில் வேறு நிறுவனங்களும் அவர் பெயரில் பூவேலைப்பாடும் உருவங்களும் செதுக்கிய துப்பாக்கிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தன. இத்தகைய நினைவுத் துப்பாக்கிகளை வாங்குவோர் அவற்றைச் சுடுவதில்லை. ஒருமுறை சுட்டாலே சேகரிப்போரிடையே விலை குறைந்துவிடும். பெட்டியும் சான்றிதழும் குலையாமல் அலமாரியில் வைத்துப் பார்த்து மகிழவே அவை வாங்கப்படுகின்றன.

துப்பாக்கியை அணிகலன்போல் அழகு செய்யும் வழக்கம் அந்நிறுவனத்திற்குப் புதியதன்று. அதைத் தோற்றுவித்த சாமுவேல் கோல்ட் 1814இல் பிறந்தவர். பதினாறு வயதில் கல்கத்தா செல்லும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பயணத்தில்தான் சுழலும் உருளை கொண்ட துப்பாக்கியின் மாதிரியை அவர் மரத்தில் செதுக்கினார் என்பர். 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வாணிகம் வளர்ந்தபின், திறமை மிக்க கைவினைஞர்களைக் கொண்டு சிற்றுளியால் கொடிகளும் இலைகளும் செதுக்கி, தங்கம் பதித்து, ரஷ்யப் பேரரசருக்கும் துருக்கி சுல்தானுக்கும் துப்பாக்கிகளைப் பரிசாக அளித்தார். பரிசு பெற்ற மன்னர் படைக்கலம் வாங்கும்போது தம்மை நினைவில் கொள்வார் என்று கணக்கிட்ட வணிகர் அவர்.

இனி வயட் ஏர்ப்பின் கதைக்கு வருவோம். அவர் 1848இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். கான்சாஸ் மாநிலத்தின் மாட்டுச் சந்தை நகரங்களான விச்சிட்டாவிலும் டாட்ஜ் சிட்டியிலும் காவல் பணி செய்தார். பின்னர் அரிசோனாவில் வெள்ளிச் சுரங்கத்தால் எழுந்த டூம்ஸ்டோன் நகருக்குத் தம் உடன்பிறந்தோருடன் சென்றார். டூம்ஸ்டோன் என்றால் கல்லறைக் கல் என்று பொருள். அங்கு வெள்ளி தேடப் போனவரிடம், "உனக்குக் கிடைக்கப் போவது கல்லறைக் கல்தான்" என்று பிறர் எச்சரித்தனராம். அவர் அதையே தம் சுரங்கத்திற்குப் பெயராக வைத்துவிட்டார்.

நம்மில் பலர் கௌபாய் படங்களைப் பார்த்திருப்போம். அவற்றில் மேற்கு அமெரிக்க நகரங்களில் எல்லாரும் இடுப்பில் துப்பாக்கியுடன் திரிவார்கள். உண்மை நிலை வேறு. 1881ஆம் ஆண்டு டூம்ஸ்டோன் நகராட்சி ஒரு விதி இயற்றியது. நகருக்குள் எவரும் ஆயுதம் ஏந்தித் திரியக் கூடாது. வெளியூரிலிருந்து வருவோர் தம் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டே நடமாட வேண்டும். டாட்ஜ் சிட்டியிலும் இத்தகைய தடை இருந்தது. வெள்ளியும் மதுவும் சூதாட்டமும் நிறைந்த ஊரில் துப்பாக்கியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அந்த ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் காலை, ஐக் கிளான்டன் என்பவர் நகருக்குள் ஆயுதத்துடன் திரிந்தார். நகரக் காவல் தலைவரான வர்ஜில் ஏர்ப், வயட்டின் அண்ணன், அவரைத் துப்பாக்கியால் தலையில் அடித்துப் பிடித்தார். நீதிமன்றம் 25 டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் இரு தரப்பிலும் பகை முற்றிவிட்டது. பிற்பகல் மூன்று மணியளவில், ஐக் கிளான்டனின் கூட்டாளிகள் ஆயுதத்துடன் ஓர் இடத்தில் நிற்கிறார்கள் என்ற செய்தி வந்தது. வர்ஜிலும், வயட்டும், தம்பி மார்கனும், பல் மருத்துவரான டாக் ஹாலிடேயும் அவர்களின் ஆயுதங்களைப் பறிக்கச் சென்றனர். சுமார் 30 விநாடிகள். சுமார் 30 குண்டுகள். பில்லி கிளான்டன், பிராங்க் மெக்லாரி, அவர் தம்பி டாம் மெக்லாரி ஆகிய மூவரும் மாண்டனர். வர்ஜிலும் மார்கனும் காயமுற்றனர்.

இதுவே ஓ.கே. கொட்டில் சண்டை என்று உலகப் புகழ் பெற்றது. உண்மையில் அது குதிரைக் கொட்டிலில் நடக்கவில்லை. சற்றுத் தள்ளி, ஒரு புகைப்பட நிலையத்தின் அருகிலிருந்த வெற்று மனையில் நடந்தது. 1957இல் வந்த திரைப்படம் ஒன்று கொட்டிலின் பெயரை உலகெங்கும் பரப்பியது.

இறந்தவர்கள் கைகளை உயர்த்திச் சரணடைய முயன்றார்களா, அல்லது துப்பாக்கியை எடுக்க முயன்றார்களா? இதில் அந்நகரின் இரு நாளேடுகளும் இருவேறு கதை சொல்லின. ஏறத்தாழ ஒரு மாதம் விசாரணை நடந்தது. டாம் மெக்லாரி அன்று பிற்பகல் தம் துப்பாக்கியைத் தம்மிடம் ஒப்படைத்திருந்தார் என்று மதுக்கடைக்காரர் ஒருவர் சாட்சி சொன்னார். மாண்டபின் அவர் உடலில் துப்பாக்கி எதுவும் காணப்படவில்லை. அவரிடம் ஆயுதம் இருந்தது என்றே ஏர்ப் தரப்பினர் கூறினர். இறுதியில் நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர், மேல் விசாரணைக்குப் போதிய சான்று இல்லை என்று கூறி ஏர்ப் தரப்பினரை விடுவித்தார். ஆயினும் அந்த ஐயம் இன்றுவரை தீரவில்லை. நகரின் விதிக்குப் பணிந்து ஆயுதத்தை விட்டுவந்த ஒருவர் அந்த விதியின் பெயராலேயே உயிரிழந்தாரா என்ற கேள்வியை எந்த நினைவுத் துப்பாக்கியும் எழுப்புவதில்லை.

அப்படியானால் 12 அங்குலக் குழல் கொண்ட துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

வயட் ஏர்ப் 1929ஆம் ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எண்பதாவது வயதில் இறந்தார். அவரைச் சந்தித்துப் பேசியிருந்த ஸ்டூவர்ட் லேக் என்னும் எழுத்தாளர் 1931இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். மலிவு விலைக் கதைகள் எழுதிப் புகழ் பெற்ற நெட் பன்ட்லைன் 1876இல் டாட்ஜ் சிட்டிக்கு வந்து, வயட் ஏர்ப் உள்ளிட்ட ஐந்து காவலர்களுக்கு 12 அங்குலக் குழல் கொண்ட கோல்ட் துப்பாக்கிகளைப் பரிசளித்தார் என்று அந்நூல் கூறுகிறது. "பன்ட்லைன் ஸ்பெஷல்" என்ற பெயர் அங்குதான் பிறந்தது.

ஆராய்ச்சியாளர் இக்கதையை ஆராய்ந்தனர். நீண்ட குழல் துப்பாக்கிகளைக் கோல்ட் நிறுவனம் 1870களில் செய்தது உண்மை. ஆனால் பன்ட்லைன் ஐந்து துப்பாக்கிகளை வாங்கியதற்கு நிறுவனத்தின் ஏடுகளில் பதிவு கிடைக்கவில்லை. அவர் அக்காலத்தில் டாட்ஜ் சிட்டிக்கு வந்ததற்கும் சான்று இல்லை. பரிசு பெற்றதாகச் சொல்லப்படும் ஐவரில் சிலர் அப்போது அந்நகரின் காவல் பணியிலேயே இல்லை. 1876இல் வயட் ஏர்ப்பை வெளியுலகம் அறியாது. தொலைவிலிருந்து ஓர் எழுத்தாளர் பரிசு கொண்டு வருமளவிற்கு அவர் புகழ் பெற்றிருக்கவில்லை. வயட் ஏர்ப் அதிகம் பேசாதவர் என்பதையும், நூலில் அவர் கூற்றாக வந்தவற்றில் பல தம் சொந்த நடையே என்பதையும் லேக் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆயினும் கதை நிற்கவில்லை. 1955 முதல் 1961 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வயட் ஏர்ப் தொடர் ஒளிபரப்பானது. நாயகனின் இடுப்பில் நீண்ட குழல் துப்பாக்கி தொங்கியது. மக்கள் அதைக் கேட்டனர். 1957இல் கோல்ட் நிறுவனம் "பன்ட்லைன் ஸ்பெஷல்" என்ற பெயரிலேயே அதைச் செய்து விற்கத் தொடங்கியது. 1964இல் அதற்குப் பொன்முலாம் பூசி நினைவுப் பொருளாக்கியது. நூலாசிரியர் கதை சொன்னார். தொலைக்காட்சி அதைக் காட்டியது. தொழிற்சாலை அதற்கு எஃகில் உடல் கொடுத்தது. கையில் எடுத்துப் பார்க்கக் கூடிய பொருளாகிவிட்டால், ஒரு கதையை யார் ஐயுறுவார்?

வயட் ஏர்ப் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1896ஆம் ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த குத்துச்சண்டைப் போட்டிக்கு அவர் நடுவராக இருந்தார். போட்டி மேடை ஏறியபோது அவர் உடையில் துப்பாக்கி இருந்தது. மறைத்து ஆயுதம் வைத்திருந்த குற்றத்திற்காக அவருக்கு 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஐக் கிளான்டன் கட்டிய அபராதத்தைப் போல் இரு மடங்கு! இந்தத் துப்பாக்கிக்கு நினைவுப் பதிப்பு எவரும் வெளியிட்டதாகத் தெரியவில்லை.

நேயர்களே, நினைவுப் பொருள்கள் பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. செதுக்குவோனின் கைத்திறன் மெய்யானது. அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் 1964இல் செய்த துப்பாக்கி 1881ஐப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாது. 1964ஆம் ஆண்டு மக்கள் எதை நம்ப விரும்பினார்கள் என்பதற்கே அது சாட்சி. ஆகவே ஒரு நினைவுப் பொருளைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இது எப்போது செய்யப்பட்டது? யார் செய்தார்? யார் வாங்குவதற்காகச் செய்தார்?

ஊர்மக்கள் துப்பாக்கியை இறக்கி வைக்கச் சொன்னதால் மூண்ட சண்டையின் நினைவாக ஒரு துப்பாக்கியே செய்யப்பட்டது. இந்த முரணைக் காணும் கண்ணே வரலாறு கற்பவர்க்கு வேண்டிய கண்.